இரண்டு பேர் உட்கார்ந்து கேட்க

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், என் வயதுக்கு அதையே சுகம் என்று எழுதிவிடலாம். அங்கே நீயும் உன் மனைவியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேலையில் பெரிய தொல்லை இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் காலையில் கண்விழித்ததும் நான் முதலில் வேண்டிக்கொள்வது. உன் கடிதம் வந்து சேர்ந்தது. பணம் வந்துவிட்டதாக வங்கியிலிருந்தும் செய்தி வந்தது. உடனே பதில் எழுதாததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம், ஆனால் முழங்காலால் யாரும் கடிதம் எழுதுவதில்லை. அலுப்புதான் காரணம். எழுத உட்கார்ந்தால் பேனாவைத் திறப்பதற்குள் அலுப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பாதி கேட்கும்போதே சரிம்மா சரிம்மா என்கிறாய், சரி என்று ஒருவர் சொன்ன பிறகு மேலே பேச எனக்கு வாய் வருவதில்லை. நீ இரண்டு காரியம் கேட்டிருந்தாய். ஒன்று, உன் பணத்தில் வீட்டுக்கு ஒரு நல்ல மியூசிக் சிஸ்டம் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, என் மருமகளை, நீ எழுதியிருக்கிறபடி 'முன்னாள்' மருமகளை, இனி இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை, ஒன்றைச் சொல்லப்போனால் மற்றது கூடவே வந்து நிற்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் விட்டுவிட்டுக் கடைசிப் பத்திக்குத் தாவாதே, சின்ன வயதில் கதைப் புத்தகங்களை அப்படித்தான் படிப்பாய்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அக்கா போன வாரக்கடைசியில் வந்து போனாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, பரீட்சை எழுதப்போவது அவர்களா இவளா என்று சந்தேகப்படும் அளவுக்கு இளைத்திருக்கிறாள். சாப்பிடச் சொன்னால் அவர்களுக்கு முடியட்டும்மா என்கிறாள். முன்னறைச் சுவரில் மறுபடி ஈரம் ஊறுகிறது, கொத்தனார் வந்து விரலால் தட்டிப் பார்த்தார், டாக்டர் முகத்தை வைத்துக்கொண்டு மேல குழாயில கசிவு இருக்கும்மா என்றார், மருந்து எழுதாமல் போய்விட்டார், திரும்ப வரவில்லை. உன் சித்தப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து ஊன்றுகோலுடன் நடக்கிறார். இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மாடிப்படி ஏறினால் பின்னால் வருபவர்களுக்கு வாழ்க்கை வெறுத்துவிடும். எதிர்வீட்டு நாய் இன்னும் உயிரோடிருக்கிறது, இன்னும் குரைக்கிறது.

இனி சிஸ்டம். அப்பா வாங்கிய அந்த மூன்றடுக்குப் பாட்டுப்பெட்டி கடைசியில் வாயை மூடிக்கொண்டது. ஒரு பக்கம் முதலில் போயிற்று, பிறகு மறுபக்கமும் கொரகொரவென்று இருமிவிட்டு நின்றது. ரிப்பேர் செய்கிறவர் முதுகைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதுக்கு பார்ட்ஸ் கிடைக்காதும்மா, இதைச் செஞ்சவரையே கூட்டிட்டு வந்தாத்தான் உண்டு என்றார். நீ எழுதியனுப்பிய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். எல்லாம் ஒரே பெட்டியாக வாங்காதே, ஆம்ப்ளிபயர் தனி, ஸ்பீக்கர் ஜோடி தனி, சிடி பிளேயர் தனி, செலவழிப்பதில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கே போகட்டும், விளக்கு மினுமினுப்பதற்குப் பணம் கொடுக்காதே என்று மாடல் பெயர்களோடு தெளிவாக எழுதியிருந்தாய். நன்றாகத்தான் எழுதியிருந்தாய், நிறுத்தற்குறிகூட ஒழுங்காக இருந்தது. அதே பக்கத்தின் அடியில், 'நல்ல சிஸ்டம் ஒன்று வீட்டில் இருந்தால் துணைக்கு யாரும் வந்து போகவேண்டிய அவசியம் இருக்காது' என்று ஒரு வரி. அதையும் படித்தேன். உன் அக்காவிடம் சொன்னபோது அவள், இதுக்குப்போய் இவ்வளவா, டம்ளர் மாதிரி ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வரும்மா, சமையலறையில வெச்சுக்கோ என்றாள். டம்ளரில் குடிக்கத்தான் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

முதல் தடவை நான் தனியாகத்தான் போனேன், அந்தப் புதிய பெரிய கடைக்கு. அங்கே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன் வந்து எத்தனை வாட்ஸ் பார்க்கிறீங்க பாட்டிம்மா என்று கேட்டான். நான் வாட்ஸ் பார்க்க வரவில்லை, பாட்டுக் கேட்க வந்தேன் என்றேன். அவன் ரிமோட்டை அமுக்கினான். கண்ணாடிக் கதவுகள் நடுங்கின, நீல விளக்கு ஓடியது, என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப்போட்ட மாதிரி இருந்தது. எப்படி, வீடே தியேட்டர் ஆயிடும் என்றான். அப்புறம் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது யார் என்று கேட்டேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்குரல் மட்டும் உள்ள பாட்டு ஒன்று போடு என்றேன், அப்படி அவனிடம் இல்லை. வெளியே வந்து நிழலில் நின்றேன், கால் கடுத்தது. இந்த வயதில் இதெல்லாம் எனக்கு எதற்கு, பேசாமல் வானொலி ஒன்று வாங்கிக்கொண்டு கிடக்கலாம் என்று தோன்றியது. உன்னிடம் சொல்வதற்கென்ன, ஆட்டோவில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் என் மருமகள் வந்தாள், என் கண்ணாடியின் கால் கழன்றதைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு. அவள் இன்னும் அதே கண்ணாடிக்கடையில் கண் சோதிக்கும் வேலையில்தான் இருக்கிறாள், செவ்வாய்தான் விடுமுறை. அவள் எதற்கு வருகிறாள், அவளுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். வருவாள், என் கண்ணில் சொட்டு மருந்து விடுவாள், நானே விட்டுக்கொண்டால் பாதி காதுக்குப் போகிறது. டீ போடுவாள், நான் போட்டால் குடிக்கமாட்டாள், அத்தை உங்க டீயில பால் எங்கயோ தூரத்துல தெரியுது என்பாள். கடைக்கு வந்தவர்களைப்பற்றிச் சொல்வாள், எழுத்து தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்த கிழவரைப்பற்றி. உன்னைப்பற்றி இந்த வீட்டில் அவள் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானே அனுப்பியிருப்பேன், நீ எழுதவேண்டிய அவசியம் வந்திராது. அன்று அவளிடம் சொல்லிவிடுவது என்று நான் நிச்சயம் செய்து வைத்திருந்தேன். வாக்கியத்தைக்கூட அமைத்துவிட்டேன், நான் அமைக்கிற வாக்கியம் உனக்குத் தெரியும், வளையாது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்ததும் என்ன அத்தை, யாரோட சண்டை என்று கேட்டாள். நான் கடைக்காரன் கதையைச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. தனியாவா போனீங்க, போருக்குப் போறவங்ககூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போவாங்க, அடுத்த செவ்வாய் நான் வரேன் என்றாள். சரி, சிஸ்டம் வாங்கின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாக்கியத்தை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் போனது வேறொரு கடை, தபால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், மாடியில். படி செங்குத்து. கடைக்காரர் பெரிய மீசைக்காரர், மீசையைத் தவிர மற்றதெல்லாம் பணிவு. உன் பக்கத்தைக் காட்டினேன். உங்க பையனுக்கு விஷயம் தெரியும்மா என்றார், எனக்குப் பெருமையாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு ஆம்ப்ளிபயரை எடுத்து வைத்தார், ஒன்று நீ எழுதியது, மற்றது அதைப்போல் இரண்டு பங்கு விலை. கேட்டுப் பாருங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும் என்றார். தெரிந்தது, விலை கூடினது நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் உன்னால் முன்னாள் ஆக்கப்பட்டவள் தன் வேலையை ஆரம்பித்தாள். கண்ணாடிக்கடையில் அவள் சோதிப்பதை நீ பார்த்திருப்பாய், இந்த லென்ஸா அந்த லென்ஸா, முதலாவதா இரண்டாவதா, மறுபடி பாருங்க, அவசரமில்லை என்று, எது என்ன என்று மட்டும் சொல்லமாட்டாள். என்னைச் சுவரைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தாள். அத்தை, வாயைத் திறக்காதீங்க, விரல் மட்டும் காட்டுங்க, முதலாவது நல்லா இருந்தா ஒரு விரல் என்றாள். தன் போனில் சத்தத்தை அளக்கிற ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே சத்தத்தில் நிறுத்தினாள். நிறுத்தியபோது அவள் சொன்னதுதான் வேடிக்கை. அண்ணா, விலை கூடினதைப் போடுறப்ப உங்க கை தன்னால வால்யூமைத் திருப்புது, கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க என்றாள். சத்தம் ஒரு பொட்டு கூடினால் எதுவும் நல்லதாகத்தான் கேட்குமாம். மீசைக்காரர், பழக்கம்மா, கை கேக்கமாட்டேங்குது என்று உண்மையிலேயே கையைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு நான் ஒரு விரல் காட்டினேன், இரண்டு விரல் காட்டினேன், மறுபடி ஒன்று, கடைசியில் அவள் வந்து, அத்தை நீங்க ஒரே ஆம்ப்ளிபயருக்கு ரெண்டு விதமா மார்க் போட்டிருக்கீங்க என்றாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உனக்குத் தெரியும், சொன்னேன். அவருக்கும் தெரியாது என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார். ஆகவே ஆம்ப்ளிபயர் நீ எழுதியதுதான்.

ஸ்பீக்கர் அப்படியில்லை. ஸ்பீக்கரில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. வேலைக்காலம் முழுவதும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் நான், யாராவது பேசினால் இரண்டாவது சொல்லில் லைன் பழுதா ஆள் பழுதா என்று சொல்லிவிடுவேன். நான் கொண்டுபோன சிடி ஒன்றே ஒன்று, ஒரு பெண் பியானோவோடு பாடுவது. ஒரு ஜோடியில் அவள் 'ச' வரும் இடமெல்லாம் புதிதாகப் பல்செட் கட்டிக்கொண்டவளைப்போல் சீறினாள். இன்னொன்றில் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடினாள். மூன்றாவது, நீ முதலாவதாக எழுதியிருந்த ஜோடி, அதில் அவள் பாடுவதற்கு முன்பு மூச்சு இழுப்பது கேட்டது. கான்வென்ட்டில் எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், மூச்சைத் திருடாதே, அதுவும் பாட்டுத்தான் என்று மேஜையைத் தட்டுவார், எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. நான்காவதாக ஒன்றையும் போட்டார், பக்கத்தில் கீறல் விழுந்த காட்சிக்கு வைத்திருந்த ஜோடி, விலை குறைவு. அதில் மூச்சு அவ்வளவாகக் கேட்கவில்லை. இது குடும்பத்துக்கு ஆகுற ஸ்பீக்கர்மா, அறையில எங்க உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி கேக்கும், தனியா உட்கார்ந்து ரசிச்சுக் கேக்குறவங்க இதை எடுக்கமாட்டாங்க என்றார் மீசைக்காரர். நான் தனியாகக் கேட்கிறவள்தான் என்றேன். மருமகள் சிடியை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அன்றே முடிவு செய்திருக்கலாம். முடிவு செய்யவில்லை. இன்னொரு கடையும் பார்த்துவிடலாமே என்றாள் அவள், அதுவும் சரிதான் என்றேன் நான். அதற்கடுத்த செவ்வாய் ரயில் நிலையத்தைத் தாண்டிப்போனோம், அங்கே உள்ளவர் எங்களை உட்காரவைத்துப் பேசியே கொன்றார், ஒன்றையும் போட்டுக்காட்டவில்லை. அதற்கடுத்ததில் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள், பழைய சாமான் நன்றாயிருக்கும் என்று போனோம், ஸ்பீக்கரின் வாயைச் சுற்றியிருந்த ரப்பர் அவள் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கால் வீங்கித்தான் திரும்பினேன், ஒவ்வொரு தடவையும் அடுத்த செவ்வாய்க்கு ஒரு கடை மீதம் இருந்தது. திரும்பவும் மீசைக்காரரிடமே வந்து சேர்ந்தபோது அவர், வாங்கம்மா, ஊரைச் சுத்திட்டு வந்தாச்சா என்றார். விரல் தடிமனில் பளபளவென்று ஒரு வயரை எடுத்து வந்து இதையும் சேர்த்துப் போட்டால் சத்தம் இன்னும் திறந்துகொள்ளும் என்றார், சத்தம் என்ன ஜன்னலா என்று கேட்டேன். அவள், அண்ணா, இதை மாட்டினா பாட்டு நல்லாக் கேக்குமா, இல்ல உங்க பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டமுடியுமா என்றாள். ரெண்டுமேம்மா என்று மீசை குலுங்கச் சிரித்தார். சாதாரண வயர்தான் வாங்கினோம். நீ எழுதிய ஜோடியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்துக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன், கடையில் கேட்பதும் வீட்டில் கேட்பதும் ஒன்றல்ல என்றார். அது நியாயமான பேச்சு.

முன்னறை உனக்குத் தெரியும், நீளம் உண்டு, அகலம் கிடையாது. சுவரை ஒட்டி வைத்தால் பியானோவின் கீழ்ஸ்தாயிச் சுரங்கள் பூதம் மாதிரி முழங்கின. முன்னால் இழுத்தோம், ஈரச்சுவரை விட்டு விலகினது ஒருவகையில் நல்லதாயிற்று. தரை வெறுந்தரை என்பதால் சத்தம் குதித்தது, உள்ளறைக் கம்பளத்தை எடுத்து விரித்தோம். நீ வரைந்து அனுப்பிய படத்தை அவள் தரையில் வைத்து, அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தாள். இரண்டு பெட்டி, எதிரே நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 'அம்மா' என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மகனே, நீ சொன்னது முழுக்க உண்மை. பெட்டிகள் இருப்பதே மறந்துபோயிற்று, அந்தப் பெண் நடுவில் நின்று பாடினாள், உதடு பிரிவது தெரிந்தது. நல்ல சாமான் என்றேன். நீயும் கேளேன் என்று கேட்டதற்கு, இங்கிருந்தே கேக்குது அத்தை என்றாள். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளும் கேட்டாள். அடுத்து வந்த சில நாட்களும் வேலை முடிந்து வந்து கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறது என்றால் சூப்பர் அத்தை என்பாள், ஆனால் அது கடைக்கு வருகிறவர்களிடம் இந்த ஃபிரேம் உங்களுக்கு நல்லாருக்கு சார் என்று சொல்கிற குரல். லைன் பழுது எனக்குத் தெரியாதா. போன செவ்வாய் அவள் சமையலறைக்குப் போயிருந்தபோது நான் எழுந்துபோய் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். பாடிக்கொண்டிருந்தவள் பக்கத்திலிருந்த பெட்டிக்குள் ஒரே தாவலாகப் போய்விட்டாள். மற்ற பெட்டி செத்துக் கிடந்தது, பியானோவில் பாதியைக் காணோம். இத்தனை நாளும் இவள் பாதிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு சூப்பர் சொல்லியிருக்கிறாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம், நாற்காலியைப் பின்னால் இழுத்தோம், இந்த அறையின் அகலத்துக்கு அவ்வளவுதான், ஒருவர் கேட்கலாம். உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன். முதல் நாளே தெரியும், அவர் படத்துலயே ஒரு நாற்காலிதானே அத்தை இருக்கு என்றாள்.

அதற்கப்புறம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அவர் எனக்கும் எழுதியிருந்தார் அத்தை. கண்ணாடியைக் கொடுத்துட்டு இனிமே வரலைன்னு சொல்லிட்டுப் போகத்தான் அன்னைக்கு வந்தேன். நீங்க அந்தக் கடைக்காரன் கதையைச் சொன்னீங்க, அவ்வளவு சோர்ந்துபோயிருந்தீங்க, சரி இதை வாங்கிக் கொடுத்துட்டுப் போகலாம்னு நினைச்சேன், வாங்கத்தான் மனசு வரலை. அதற்காகத்தானா ரயில் நிலையத்துக்கு அந்தப்பக்கம் என்னை நடத்திக் கூட்டிப்போனாய் என்றேன். அதுக்கு நீங்க ஏன் வந்தீங்க என்றாள். எனக்கும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது என்று சொன்னேன். ஆசிரியை அறைக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்ட இரண்டு பிள்ளைகள்போல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்தது, சிரித்தோம், பிறகு அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சிஸ்டம் செட் ஆயிடுச்சு, சொட்டு மருந்தை நிமிர்ந்து படுத்துக்கிட்டு விடுங்க என்றாள். வாசல்வரை போனாள். நான் எழுந்திருக்க முயன்றேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே போனை எடுத்து மீசைக்காரரைக் கூப்பிட்டு, இந்த ஜோடியை எடுத்துக்கொண்டு போங்கள், அந்தக் கீறல் விழுந்ததைக் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் பதறிப்போய், ஏம்மா, இது அதைவிட எத்தனையோ மேலாச்சே, காது கேட்டும் இதை வேணாம்னு சொல்றவங்களை இப்பத்தான் பார்க்கிறேன் என்றார். மேல் என்று எனக்கும் தெரியும், இங்கே கேட்கிறவர்கள் இரண்டு பேர் என்றேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அழுகை எனக்குப் பிடிக்காது என்பதால், நிற்காமல் வந்து பின்னாலிருக்கிற வயரைக் கழற்று, வேனில் ஏற்றும்போது இழுத்துக்கொள்ளப் போகிறது என்று சொன்னேன்.

இப்போது புது ஜோடி வந்துவிட்டது. மூச்சு கொஞ்சம் குறைவுதான், மறைக்கவில்லை, தனியாகக் கேட்கிற நாட்களில் அது எனக்குத் தெரிகிறது. நீ அனுப்பிய பணத்தை நான் தொடவில்லை, வங்கியில் அப்படியே இருக்கிறது, உன் கணக்குக்குத் திருப்பியனுப்ப அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கோபத்தில் செய்ததாக நினைக்காதே. ஒன்றுக்குப் பதிலாக ஒன்று என்று அந்தப் பணம் வந்தது, அந்த மாற்றுக்கு நான் சம்மதிக்கவில்லை, ஆகவே என் பென்ஷனில் வாங்கினேன். உங்கள் இருவருக்குள் என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் துருவியதில்லை, இனியும் கேட்கமாட்டேன். நீ கஷ்டப்பட்டாய், அது எனக்குத் தெரியும். நீதிமன்றம் உன்னை அவளிடமிருந்தும் அவளை உன்னிடமிருந்தும் விடுவித்தது, அதில் என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. உன் மனைவிக்கு இது வருத்தமாக இருக்கும், அது நியாயமான வருத்தம்தான், அவள் இடத்தில் நான் இருந்தாலும் முகம் சுளிப்பேன். அவளுக்கு நான் தனியாக நாலு வரி எழுதி இதோடு வைத்திருக்கிறேன், பிரிக்காமல் கொடு. அவளும் எனக்கு மருமகள், ஒருத்தியோடு இன்னொருத்தியை ஒப்பிட்டு நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறேன். நான் எழுதினால் எழுதினதுதான். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தாய். ஊரில் யாரும் என் கண்ணில் சொட்டு விடுவதில்லை.

எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சின்ன வயதிலிருந்து காதுவலிதான் முதலில் வரும். இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சண்டை வந்தால் அன்றைக்கே பேசி முடியுங்கள், மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கடவுள் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் மன நிம்மதியும் கொடுக்கட்டும். வருகிற விடுமுறையில் உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரப்போவதாக எழுதியிருந்தாய், கட்டாயம் வா, உள்ளறையை ஒழித்துவைக்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள், டிக்கெட் எடுக்கும்போது கிழமையைப் பார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் இங்கே இருப்பாள். சந்திக்க மனமில்லை என்றால் நீ வேறு நாளில் வந்து இறங்கு, அவளை வேறு நாளில் வரச்சொல்ல என்னால் ஆகாது.

அன்பும் ஆசியும் உடன்,
அம்மா